சும்மா ஒரு விசாரணை

என் பெரியப்பாவுக்கு அப்போது 63 வயது. பக்கத்து வயல்காரரோடு வரப்புத் தகராறு. ஒருநாள் காலை கைபேசியில் அழைப்பு வந்தது. "ஸ்டேஷன்ல இருந்து பேசுறோம். உங்க மேல ஒரு பெட்டிஷன் வந்திருக்கு. சும்மா ஒரு விசாரணைதான், பத்து மணிக்கு வந்துட்டுப் போயிடுங்க." பத்து மணிக்குப் போனார். வாசல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். மதியம் ஒரு டீ வந்தது. இரவு எட்டரை மணிக்கு ரைட்டர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்பினார். யாரும் அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. "மரியாதையாத்தான் நடத்துனாங்க" என்று இன்றும் சொல்வார். தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், கண்ணாடி எடுத்துப் போகவில்லை என்பார்.

அந்தப் பத்தரை மணி நேரம் சட்டத்தின் கண்ணில் அவர் யார்? சாட்சியா, எதிர்மனுதாரரா, சந்தேகத்துக்குரியவரா, கைதானவரா? நிலையத்தின் எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் இதற்குப் பதில் கிடைத்திருக்காது. போலீஸ் பிடித்தால் நமக்கு என்ன உரிமை என்று பேசுகிறவர்கள் ஒரு பட்டியல் கொடுப்பார்கள்: வழக்கறிஞரைக் கூப்பிடலாம், பேசாமல் இருக்கலாம், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீதிபதியிடம் கொண்டுபோக வேண்டும். பட்டியலில் தவறில்லை. ஆனால் அதில் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நிலையோடு கட்டப்பட்டிருக்கிறது. கைதானவருக்குள்ள பாதுகாப்பு சாட்சிக்கு இல்லை; சாட்சியாக அழைக்கப்படுகிறவருக்குள்ள வசதி கைதானவருக்கு இல்லை. நீங்கள் யார் என்று நிலையம் பெயர் சொல்லாதவரை எந்த உரிமையைக் கேட்பது என்றே தெரியாது. நம் ஊர்க் காவல் நிலையங்களில் நடப்பதில் பெரும்பங்கு இப்படிப் பெயரிடப்படாத நிலையில்தான் நடக்கிறது என்பது என் துணிபு.

இதற்கு நம் மொழியும் கொஞ்சம் ஒத்தாசை செய்கிறது. நலம் விசாரிப்பதும் விசாரணைதான். நீதிமன்றத்தில் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுவதும் விசாரணை. எஃப்.ஐ.ஆர். பதிந்த பிறகு நடக்கும் புலன்விசாரணையும், பதியாமலே நடக்கும் மனு விசாரணையும், நள்ளிரவில் பின்னறையில் நடப்பதும் அதே சொல். வெற்றிமாறன் 2015-இல் தன் படத்துக்கு அந்த ஒற்றைச் சொல்லைத் தலைப்பாக வைத்தபோது யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இந்த மங்கலான இடத்தை உச்சநீதிமன்றம் நேருக்கு நேர் பார்த்த வழக்கு ஒன்று உண்டு. 1994 ஜனவரி 7 அன்று உத்தரப்பிரதேசத்தின் காசியாபாத்தில் ஜோகிந்தர் குமார் என்ற 28 வயது வழக்கறிஞரை, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு "சில விசாரணைகளுக்காக" வரச் சொன்னார்கள். சகோதரர்களோடு போனார். திரும்பவில்லை. குடும்பம் உச்சநீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகு, ஜனவரி 14 அன்று போலீசார் அவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நீதிமன்றம் காரணம் கேட்டபோது வந்த பதில்தான் கவனிக்கத்தக்கது. அவரை யாரும் அடைத்துவைக்கவில்லையாம். சில கடத்தல் வழக்குகளில் துப்புத் துலக்க அவருடைய உதவியைப் பெற்றுக்கொண்டிருந்தார்களாம். சட்டம் படித்த ஒருவர் ஒருவாரம் வீட்டுக்கு வராமல் "உதவி" செய்திருக்கிறார். ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. கைது செய்ய அதிகாரம் இருப்பது ஒன்று, அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த நியாயம் இருப்பது வேறு என்றது நீதிமன்றம்.

சாலையிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலோர் போலீசைச் சந்திக்கும் இடம் அதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆம் பிரிவுப்படி சீருடையிலிருக்கும் எந்தக் காவலர் கேட்டாலும் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். வண்டியை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை 132-ஆம் பிரிவு எஸ்.ஐ. நிலைக்குக் குறையாதவருக்குக் கொடுக்கிறது. ஆனால் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் காவலரின் சைகைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று அதே சட்டம் இன்னோரிடத்தில் சொல்வதால், "நீங்க ஏட்டுதானே, எதுக்கு நிறுத்துறீங்க?" என்று நடுரோட்டில் வாதிடுவதில் பயனில்லை. உரிமத்தையும் ஆர்.சி.யையும் டிஜிலாக்கரில் காட்டினால் போதும். 2018-இல் விதியே அப்படித் திருத்தப்பட்டது. வண்டிச் சாவியைப் பிடுங்கலாம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. உரிமத்தைப் பறிமுதல் செய்தால் ரசீது தர வேண்டும்.

பெயரும் முகவரியும் கேட்டால் சொல்லிவிடுவது நல்லது. இணையத்தில் சில வீரர்கள் "பெயர்கூடச் சொல்லத் தேவையில்லை" என்று வீடியோ போடுகிறார்கள். சிறு குற்றம் ஒன்று போலீசின் கண்ணெதிரே நடந்து, செய்தவர் பெயர் சொல்ல மறுத்தால், அதை உறுதிசெய்வதற்காகவே அவரைக் கைது செய்யலாம் என்கிறது சட்டம்.

பையையும் உடம்பையும் சோதிப்பது வேறு கதை. கஞ்சா வழக்குகளுக்கான போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி, ஒருவரின் உடம்பைச் சோதிக்குமுன் "உங்களை மாஜிஸ்திரேட் முன்னிலையிலோ கெசட்டட் அதிகாரி முன்னிலையிலோ சோதிக்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு" என்று அதிகாரியே சொல்ல வேண்டும். சொல்லியே ஆக வேண்டும் என்று 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்மானித்தது. ஆனால் இந்தப் பாதுகாப்பு உடம்புக்குத்தான், தோளில் தொங்கும் பைக்கு இல்லை என்று பிற்பாடு வந்த தீர்ப்புகள் சொல்லிவிட்டன. கைது செய்யப்பட்ட பெண்ணின் உடம்பை இன்னொரு பெண்தான் சோதிக்கலாம்.

கைபேசி? "வாட்ஸ்அப்பைக் காட்டு" என்று கேட்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. குற்றத்தோடு தொடர்புடையது என்று சந்தேகப்பட்டால் கைபேசியைக் கைப்பற்ற சட்டத்தில் இடம் இருக்கிறது. கைப்பற்றினால் அதற்குப் பட்டியல் போட வேண்டும், மகஜர் எழுத வேண்டும். சாலையில் நிற்பவரின் கைபேசியைத் திறந்து நோண்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதிவைத்த பிரிவு எதுவும் கிடையாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் சொல்லியாயிற்று. கடவுச்சொல்லைக் கட்டாயப்படுத்திக் கேட்கலாமா என்பதில் மட்டும் உயர்நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

இனி பெரியப்பா வழுக்கிய இடத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. அதன் 179-ஆம் பிரிவு சாட்சிகளை அழைப்பது பற்றியது. புலன்விசாரணை அதிகாரி, தன் நிலைய எல்லையிலோ பக்கத்து நிலைய எல்லையிலோ இருக்கிறவரை எழுத்து மூலம்தான் அழைக்க வேண்டும். 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண், 60 வயதுக்கு மேற்பட்ட ஆண், எந்த வயதுப் பெண்ணும், மாற்றுத்திறனாளி, கடும் நோயாளி ஆகியோரை அவரவர் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது. பழைய சட்டத்தில் அறுபத்தைந்தாக இருந்த வயது இப்போது அறுபதாகக் குறைந்திருக்கிறது. ஆக, பெரியப்பாவை விசாரிக்க வேண்டுமென்றால் எஸ்.ஐ. எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்திருக்க வேண்டும்.

ஆனால் பிரிவு அங்கே முடியவில்லை. அதன் வாலில் ஒரு வரி தொங்குகிறது: அப்படிப்பட்டவர் விருப்பப்பட்டு நிலையத்துக்கு வந்தால் அனுமதிக்கலாம். போன் வந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிய பெரியப்பா விருப்பப்பட்டுத்தான் வந்தார் என்று நிலையம் சொன்னால் என்ன சொல்ல முடியும்? யாரும் இழுத்துப் போகவில்லையே. பாதுகாப்புக்காகப் போட்ட வேலியிலேயே ஒரு படல் வைத்திருக்கிறார்கள். போகும்போதே "எழுத்தில் தாருங்கள்" என்று கேட்டால்தான் அந்த விருப்பம் எவ்வளவு விருப்பம் என்பது வெளியே தெரியும்.

அதைவிடச் சிக்கல், பெரியப்பாவின் விவகாரத்தில் புலன்விசாரணையே இல்லை. வந்தது ஒரு பெட்டிஷன். அதற்கு சி.எஸ்.ஆர். என்ற மனு ஏற்பு ரசீது போட்டு இரு தரப்பையும் அழைத்துப் பேசுவது தமிழ்நாட்டு நிலையங்களின் அன்றாட வேலை. நிலத் தகராறு, கொடுக்கல் வாங்கல், வாடகை பாக்கி என்று சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியவை எல்லாம் முதலில் நிலைய வாசலுக்குத்தான் வருகின்றன. சில நேரம் அது நல்லதுக்கும் முடிகிறது. பத்து வருடம் கோர்ட்டில் இழுபடுவதை இன்ஸ்பெக்டர் பத்து நிமிடத்தில் முடித்துவைத்தார் என்று நன்றியோடு சொல்லும் குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் சன்ஹிதாவின் சாட்சி அழைப்பு விதி புலன்விசாரணைக்குத்தான் பொருந்தும். மனு விசாரணைக்கு அந்த வேலிகூடக் கிடையாது. இதனால் சென்னை உயர்நீதிமன்றத்தில் "துன்புறுத்தக் கூடாது" என்று கேட்கும் மனுக்கள் தனி இனமாகவே குவிகின்றன. நீதிமன்றமும் ஏறக்குறைய ஒரே மாதிரி உத்தரவு போடுகிறது: அழைப்பதென்றால் தேதியும் நேரமும் குறிப்பிட்டு எழுத்தில் சம்மன் கொடு, விசாரணை நடந்ததை நிலைய நாட்குறிப்பில் பதிவு செய், விசாரணை என்ற பெயரில் தொல்லை கொடுக்காதே. ஒரே உத்தரவைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது என்பதிலிருந்தே நிலவரம் தெரிகிறது.

சந்தேகத்துக்குரியவராக அழைத்தால் அதற்கு வேறு தாள். ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது அவசியமில்லையென்றால் 35-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவுப்படி ஆஜராகச் சொல்லி அறிவிப்பு தர வேண்டும். அறிவிப்பை மதித்து ஆஜராகிறவரைக் கைது செய்யக் கூடாது. செய்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். இயந்திரம்போலக் கைது செய்யும் பழக்கத்தை 2014 ஜூலையில் அர்னேஷ் குமார் தீர்ப்பு கண்டித்து, மீறும் அதிகாரி மீது துறை நடவடிக்கையோடு நீதிமன்ற அவமதிப்பும் பாயும் என்றது. 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவாக்கியது: இந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது. மூன்றாண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றத்தில் 60 வயதைத் தாண்டியவரையோ உடல் தளர்ந்தவரையோ கைது செய்ய டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேண்டும் என்பது புதுச் சட்டம் சேர்த்த நல்ல வரி.

அதே சட்டம் சேர்த்த இன்னொரு வரி எனக்கு உறுத்துகிறது. குற்றத் தடுப்புப் பணியிலிருக்கும் போலீசின் சட்டபூர்வமான கட்டளைக்கு இணங்காதவரைத் தடுத்துவைக்கலாம். மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகலாம், அல்லது சின்ன விவகாரமாக இருந்தால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம் என்கிறது 172-ஆம் பிரிவு. "கைது" என்ற சொல் அதில் இல்லை. கைது இல்லையென்றால் கைதுக்குரிய தாள்களும் இல்லை. பெரியப்பா உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குச் சட்டப் புத்தகத்தில் இடம் போட்டுக் கொடுத்ததுபோல் இருக்கிறது.

நிலையத்தில் உட்கார்ந்த பிறகு பேச வேண்டுமா, வேண்டாமா? ஹாலிவுட் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விலங்கு மாட்டும்போதே போலீஸ்காரர் ஒப்பிக்கும் வசனம் நினைவிருக்கும். அது அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் 1966 மிராண்டா தீர்ப்பால் வந்தது. நம் போலீஸ் அப்படிச் சொல்லக் கடமைப்படவில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 20(3) சொல்கிறது. அதை நினைவூட்டும் வேலை அங்கு யாருக்கும் இல்லை.

இந்த உரிமை நீதிமன்றக் கூண்டில் மட்டும்தானா, காவல் நிலையத்திலும் உண்டா என்பதற்கு விடை வந்தது ஒரு முன்னாள் முதலமைச்சரால். ஒடிசாவின் நந்தினி சத்பதி மீது ஊழல் தடுப்புப் போலீசார் வழக்குப் பதிந்து, கட்டாக்கில் உள்ள நிலையத்துக்கு 1977-இல் வரவழைத்து, எழுதிய கேள்வித்தாளை நீட்டினார்கள். பதில் சொல்ல மறுத்தார். மறுத்ததற்காகத் தனி வழக்குப் போட்டார்கள். 1978 ஏப்ரலில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, மௌன உரிமை போலீஸ் கேள்வி கேட்கும் நேரத்திலிருந்தே தொடங்குகிறது என்றது. கேட்கப்படும் வழக்கில் மட்டுமல்ல, வேறு வழக்கில் தன்னை மாட்டிவிடக்கூடிய பதிலையும் தவிர்க்கலாம். விசாரணையின்போது வழக்கறிஞரை வைத்துக்கொள்ள விரும்பினால் மறுக்கக் கூடாது. பெண்ணான அவரை நிலையத்துக்கு வரவழைத்ததே தவறு என்றும் போலீசைக் கடிந்துகொண்டது. முதலமைச்சராக இருந்தவருக்கே இதை நிலைநாட்ட உச்சநீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

சாட்சியின் நிலை அவ்வளவு தாராளமில்லை. சன்ஹிதாவின் 180-ஆம் பிரிவுப்படி கேட்டதற்கு உண்மையைச் சொல்ல அவர் கடமைப்பட்டவர். தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பேசாமல் இருப்பது உரிமை என்று நினைத்துக் கண்ட விபத்தைப் பற்றிக்கூட வாய் திறக்காமல் இருக்க முடியாது. கைரேகை கொடுக்க மாட்டேன் என்பதும் மௌன உரிமையில் சேராது என்று 1961-லேயே தீர்ப்பாகிவிட்டது. ஆனால் மருந்து செலுத்தி உண்மையை வரவழைக்கும் சோதனையைச் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்சநீதிமன்றம் தடுத்தது.

கையெழுத்து விஷயத்தில் நம் மக்களிடையே நிலவும் தவறான நம்பிக்கை அளவற்றது. புலன்விசாரணையில் ஒருவர் போலீசிடம் சொல்வதை எழுதிக்கொண்டால், அதில் சொன்னவரின் கையெழுத்தை வாங்கக் கூடாது என்று 181-ஆம் பிரிவு தடை செய்கிறது. போட வேண்டாம் என்ற சலுகை இல்லை இது. வாங்கவே கூடாது என்ற விலக்கு. கைது குறிப்பு, மகஜர் போன்றவற்றில் கையெழுத்து உண்டு, வாக்குமூலத்தில் இல்லை. வெற்றுத் தாளில் எதற்குமே இல்லை.

ஏன் இப்படி ஒரு விலக்கு? இந்த அவநம்பிக்கைக்கு சென்னை ராஜதானியில் ஒரு வேர் இருக்கிறது. 1854-இல் லண்டன் நாடாளுமன்றத்தில், சென்னை ராஜதானியில் குடியானவர்களை வதைத்து நிலவரி வசூலிக்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் கொண்ட ஆணையம் அமைந்து 1855-இல் அறிக்கை கொடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. பலர் நெடுந்தூரம் நடந்தே வந்து சொன்னார்கள். அறிக்கையில் நம் சொற்கள் ஆங்கில எழுத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கிட்டி: இரண்டு குச்சிகளை ஒருமுனையில் கட்டி, நடுவில் விரல்களை வைத்து எலுமிச்சை பிழிவதுபோல் நெருக்குவது. அண்ணாந்தாள்: கழுத்தையும் கால் பெருவிரலையும் கயிற்றால் இணைத்து, உடம்பை வளைத்துக் கட்டி வெயிலில் போடுவது. அன்றைக்கு வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் ஒரே தாசில்தார் கையில் இருந்ததால், பாக்கிக்காரனுக்கும் திருடனுக்கும் ஒரே கருவி. பழியெல்லாம் உள்ளூர்ச் சேவகர்கள் மேல்தான், துரைமார்களுக்கு இதில் உடன்பாடில்லை என்று ஆணையம் கைகழுவிக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த அறிக்கைக்குப் பிறகு 1859-இல் சென்னை ராஜதானிக்கு வருவாய்த் துறையிலிருந்து பிரிந்த தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1861-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், அடுத்து 1872-இன் சாட்சியச் சட்டமும், போலீஸ் அதிகாரியிடம் ஒப்புக்கொண்ட குற்றம் சாட்சியமாகாது என்று எழுதின. அந்த அறிக்கை கிளப்பிய அதிர்ச்சியும் இதற்கு ஒரு காரணம். இன்றைய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23-ஆம் பிரிவிலும் அது அப்படியே நீடிக்கிறது. தன் போலீசையே நம்ப மறுக்கும் சட்டம் என்று இதைப் பற்றிக் காவல் அதிகாரிகள் குறைபட்டுக்கொள்வது உண்டு.

அப்படியிருந்தும் நாளிதழ்களைத் திறந்தால் "போலீசாரின் கிடுக்கிப்பிடி விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்ற வரி தினமும் இருக்கிறது. கிட்டியும் கிடுக்கியும் எவ்வளவு தூரம் என்று செய்தி எழுதுகிறவர் யோசிப்பதில்லை. நீதிமன்றத்தில் செல்லாத அந்த வாக்குமூலம் ஊரில் தீர்ப்பாகிவிடுகிறது. சட்டத்திலும் ஒரு பின்வாசல் இருக்கிறது. "கத்தியைக் கிணற்றில் போட்டேன்" என்று காவலில் இருப்பவர் சொல்லி, கிணற்றில் கத்தி கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு தொடர்புடைய பகுதி மட்டும் சாட்சியமாகும். குற்றத்தை ஒப்புக்கொண்டது தள்ளுபடி; பொருள் கிடைத்தது ஏற்பு. களவுபோன நகையைத் தேடும் விசாரணைகளில் கை நீளுவதற்கு இந்த ஏற்பாடு ஒரு தூண்டுதல் என்று நான் நினைக்கிறேன். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் ஒரு கோயில் காவலாளி, காரில் இருந்த நகை காணோம் என்ற புகாரில் தனிப்படைக் காவலர்களால் "விசாரணைக்கு" அழைத்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். அவரிடம் அவர்கள் கேட்டது நகை எங்கே என்றுதான்.

கைது என்று பெயர் சொல்லிவிட்டால் உரிமைகள் ஒன்றன்பின் ஒன்றாக உயிர்பெறுகின்றன. இதில் பெரும்பகுதிக்கு மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பொன்றின் தலைவர் டி.கே. பாசு 1986 ஆகஸ்டில் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதம்தான் மூலம். லாக்கப் மரணச் செய்திகளைச் சுட்டி அவர் எழுதியதை உச்சநீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டு, பத்தாண்டு கழித்து 1996 டிசம்பரில் பதினொரு கட்டளைகளோடு தீர்ப்பு தந்தது. கைது செய்பவர் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும், குடும்பத்தினரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் போக வேண்டும். மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். இன்று இவையெல்லாம் சன்ஹிதாவிலேயே பிரிவுகளாகிவிட்டன. விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம், ஆனால் விசாரணை முழுக்க அவர் கூடவே இருக்க முடியாது என்ற வரியும் சேர்ந்துகொண்டது. வழக்கறிஞருக்குப் பணமில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடலாம்.

அண்மைக்காலத்தில் வலுப்பெற்ற உரிமை, கைதுக்கான காரணத்தை அறிவது. 2023-இல் பங்கஜ் பன்சல் வழக்கிலும் 2024-இல் பிரபீர் புர்காயஸ்தா வழக்கிலும் சிறப்புச் சட்டங்களின் கீழான கைதுகளுக்கு எழுத்துமூலக் காரணம் கட்டாயம் என்றது உச்சநீதிமன்றம். அது இல்லாததால் கைதே செல்லாமல் போனது. 2025 பிப்ரவரியில் விஹான் குமார் தீர்ப்பு, எந்தக் கைதானாலும் காரணத்தைப் புரியும்படி தெரிவிக்காவிட்டால் அது சாசனத்தின் 22-ஆம் பிரிவை மீறுவது என்றது. சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்ற விதியைப் பற்றி நாம் நினைத்திருப்பது மட்டும் கொஞ்சம் கூடுதல். மாஜிஸ்திரேட் அனுமதி பெற்று, பெண் அதிகாரி மூலம், தவிர்க்க முடியாத நிலையில் செய்யலாம் என்று சட்டமே சொல்கிறது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, அந்த நடைமுறையைப் பின்பற்றத் தவறினாலும் அதனாலேயே கைது செல்லாததாகிவிடாது, அதிகாரி விளக்கம் தர வேண்டும் என்று இன்னும் தளர்த்தியது.

இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோவதுதான் இந்தக் கட்டுமானத்தின் நடுத்தூண். போலீஸ் அல்லாத ஒரு கண் அங்கேதான் முதன்முதலாக உங்களைப் பார்க்கிறது. அடித்தார்களா என்று கேட்க வேண்டியவர், காயத்தைப் பார்க்க வேண்டியவர், ரிமாண்ட் அவசியமா என்று யோசிக்க வேண்டியவர் அவர். 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஒரு கைபேசிக் கடைக்காரரை நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். என்னவென்று கேட்கப் போன மகனும் உள்ளே போனார். தாளில் எல்லாம் நடந்தது: எஃப்.ஐ.ஆர். உண்டு, மருத்துவச் சான்று உண்டு, ரிமாண்ட் உத்தரவு உண்டு. இருவரையும் சரியாகப் பார்க்காமலே மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்துவிட்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கோவில்பட்டி கிளைச் சிறையிலிருந்து மருத்துவமனைக்குப் போன மகன் 22-ஆம் தேதி இரவும், தந்தை மறுநாள் காலையும் இறந்தனர். உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் நிலையத்துக்கு விசாரிக்கப் போன இன்னொரு மாஜிஸ்திரேட், அங்கிருந்த சி.சி.டி.வி. பதிவுகள் தினமும் தானே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே பரம்வீர் சிங் சைனி வழக்கில், நாட்டின் எல்லா நிலையங்களிலும் ஒலியோடு பதியும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது என்றது உச்சநீதிமன்றம்.

பெயரிடப்படாத அந்தப் பெஞ்சு நேரத்துக்கு ஒரு சாட்சியை உண்டாக்க நம் ஊர்க் குடும்பங்களுக்குப் பழைய தந்திரம் ஒன்று தெரிந்திருந்தது. வீட்டு ஆளைப் போலீஸ் கூட்டிப்போனதும், வழக்கறிஞர் சொல்படி தபால் ஆபீசுக்கு ஓடி மாஜிஸ்திரேட்டுக்கும் கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் தந்தி அடிப்பார்கள். "இன்ன நேரத்தில் என் கணவரை இன்ன நிலையத்தார் பிடித்துச் சென்றனர்." மூன்று நாள் கழித்துக் கைது காட்டி, நேற்றுத்தான் பஸ் ஸ்டாண்டில் பிடித்தோம் என்று போலீஸ் சொன்னால், தந்தி ரசீதில் இருக்கும் நேரமும் முத்திரையும் கோர்ட்டில் எதிர்த்துப் பேசும். 2013 ஜூலையில் தந்திச் சேவை மூடப்பட்டபோது மற்றவர்கள் வாழ்த்துத் தந்திகளை நினைத்து உருகினார்கள். கிரிமினல் வழக்கறிஞர்கள் வேறு காரணத்துக்காக வருந்தினார்கள். இன்று அதன் இடத்தில் மின்னஞ்சலும், பதிவுத் தபாலும், அவசர எண்ணுக்கு அழைத்த அழைப்புப் பதிவும் இருக்கின்றன. யார் அனுப்புகிறார்கள், எத்தனை மணிக்கு என்பதுதான் முக்கியம்.

தந்தி அடிக்க ஆளில்லாதவர்களும் உண்டு. 1911 முதல் சென்னை ராஜதானியில் குற்றப் பரம்பரைச் சட்டம் சில சாதிகளைப் பிறப்பாலேயே சந்தேகத்துக்குரியவர்களாக்கிக் கைரேகை பதியவைத்தது. 1947-இல் சட்டம் போயிற்று. அந்தப் பார்வை நிலையங்களிலிருந்து அதே வேகத்தில் போகவில்லை. 1993-இல் கம்மாபுரம் நிலையத்தில் நடந்த லாக்கப் மரணம் 'ஜெய் பீம்' படத்தால் உலகம் அறிந்தது. அங்கும் தொடக்கம் காணாமல்போன நகைதான். இறந்தவரின் மனைவி எழுத்தறிவில்லாதவர். அவர் சார்பில் ஆட்கொணர்வு மனு போட கே. சந்துரு என்ற வழக்கறிஞர் இருந்தார். எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பதில்லை. எனக்கும் பெரியப்பாவுக்கும் கிடைத்த "மரியாதை"க்கு எங்கள் வேட்டியும் தெருவும் ஒரு காரணம் என்பதை நான் மறைக்கவில்லை.

நிலையத்தில் உரிமை கேட்பவரை நோக்கி வரும் ஒரு வாசகம் உண்டு: "என்ன, சட்டம் பேசுறியா?" சட்டம் பேசுவது வேறெங்கும் வசையாக இருப்பதாகத் தெரியவில்லை. அதனால் கேட்கும் தொனியில் கவனம் வேண்டும் என்பார்கள் இந்தத் துறையில் நெடுநாள் உழன்ற வழக்கறிஞர்கள். "சார், என்னை சாட்சியாகக் கூப்பிடுகிறீர்களா, மனு விசாரணையா, வழக்கு ஏதும் பதிந்திருக்கிறதா? எண் சொன்னால் குறித்துக்கொள்கிறேன்." கேள்வி இவ்வளவுதான். தணிந்த குரலில் கேட்கலாம். பதில் சொல்லாவிட்டாலும் கேட்டதை ஒரு குறுஞ்செய்தியாக அதே எண்ணுக்கு அனுப்பிவைக்கலாம்.

வரப்புத் தகராறு ஓயவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி அழைப்பு வந்தது. பெரியப்பா தயங்கித் தயங்கி, "எழுத்துல ஒரு தாள் குடுத்தா நல்லாருக்கும் சார்" என்றார். எதிர்முனையில் சற்று நேரம் சத்தமில்லை. மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு தாளின் புகைப்படம் வந்தது. தேதி இருந்தது, நேரம் இருந்தது, சி.எஸ்.ஆர். எண் இருந்தது, எந்தப் பிரிவின் கீழ் என்று இல்லை. வீட்டுக்கு வரச் சொல்லலாம் என்று நான் சொன்னேன். தெருவில் ஜீப் வந்து நிற்பதைவிட நாமே போய்விடலாம் என்றார். எங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மூவருமாகப் போனோம். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. ரைட்டர் தாளை நீட்டினார். பெரியப்பா இந்தமுறை கண்ணாடி எடுத்து வந்திருந்தார். முழுவதும் படித்துவிட்டு, சர்வே எண் தப்பாக இருக்கிறது என்று காட்டினார். ரைட்டர் அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார்.